முளைக்கு நீர் வார்ப்பவர் யார்?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. முளையைக் கண்டே பயிரை மதிப்பிடும் கண் ஓர் அரிய செல்வந்தான். ஆயினும், நல்ல முளையைக் கண்டதோடு தன் கடமை முடிந்ததென்று வரப்பிலே படுத்துறங்கும் கமக்காரனுக்கு அறுவடைக் காலத்தில் மிஞ்சுவது யாது? இவ்வினாவை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போன மக்கள் அமெரிக்க நாட்டின் பிற்ஸ்பேர்க் நகரிலே இருக்கின்றனர். அவர்கள் கமக்காரர் அல்லர். உருக்குத் தொழிலால் பெயர்பெற்ற ஒரு நகரத்தின் விளையாட்டு இரசிகர்கள். அவர்கள் குறைகூறுவது தங்கள் உயிருக்குயிரான பிற்ஸ்பேர்க் பைரற்ஸ் என்னும் பேஸ்போல் கழகத்தை.

கிரிக்கெற்றில் ஊறிய நமக்குப் பேஸ்போல் ஒன்றுவிட்ட சகோதரன் முறை எனலாம். பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்றுக்கள், ஒருவர் பந்தை வீச, மற்றவர் உருண்டைத் துடுப்பால் அதனை அடித்துவிட்டு ஓடுகிறார். முதல்தர அரங்கிலே முப்பது கழகங்கள் உள்ளன. இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை ஒவ்வொரு கழகமும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. 1965 ஆம் ஆண்டு தொடக்கம், நாட்டின் இளம் வீரர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுத்து வருகின்றன. பின்தங்கிய கழகங்களுக்கே இத்தெரிவில் முன்னிடம். ஆகவே தோல்விக்கும் ஓர் ஆறுதற் பரிசு உண்டு.

தெரிவான இளைஞன் உடனே பெருங்களத்தில் இறங்குவதில்லை. படிப்படியாக அமைந்த சிறு குழுக்களிலே பல ஆண்டுகள் பயில்கிறான். இவ்வமைப்புக்கு அமெரிக்கர் இட்ட பெயரே "பண்ணை" என்பது. பைரற்ஸ் பண்ணையிலே வளரும் இளைஞன் புளோரிடாவின் பிறேடன்ரன் நகரிலிருந்து கிறீன்ஸ்பறோ, அல்ரூனா, இன்டியனாபொலிஸ் என ஊர் ஊராக உயர்ந்து, இறுதியிலே பிற்ஸ்பேர்க் வந்து சேரவேண்டும். பல வகுப்புக்களைக் கொண்ட ஒரு பாடசாலை என்றே இதனைக் கொள்ளலாம்.

இப்பண்ணை முறையை 1920 களில் சென் லூயிஸ் கழகத்திலே வளர்த்தெடுத்தவர் பிராஞ்ச் றிக்கி என்பவர். பின்னர் புறூக்ளின் கழகத்தை நடத்தியபோது, நிறவேற்றுமைத் தடையை உடைத்து ஜக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரரை 1947 இல் முதல்தரக் களத்துக்குக் கொணர்ந்தவரும் இவரே. இப்பெரியார் 1950 இன் இறுதியிலே பிற்ஸ்பேர்க்குக்கு வந்தார். வந்தவுடன் வெற்றி குவிந்ததா? இல்லை. 1952 இல் ஆடிய 154 ஆட்டங்களுள் 112 இல் அக்கழகம் தோற்றது. ஊரே எள்ளி நகையாடியது. றிக்கி இளைஞர்களைத் தேடுவதை நிறுத்தவில்லை. 1954 நவம்பரிலே, புறூக்ளின் கழகம் தன் பண்ணையொன்றில் மறைத்து வைத்திருந்த புவேற்றோ றிக்கோ இளைஞர் ஒருவரைப் பைரற்ஸ் தனதாக்கிக்கொண்டது. அவர்தாம் றொபேற்றோ கிளமென்ரே. முதலாண்டிலே அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. கழகம் பொறுத்திருந்தது. அதே 1954 இல் பதினேழு வயதிலே சேர்க்கப்பட்ட பில் மசறோஸ்கி, 1960 ஒக்ரோபர் 13 ஆந் திகதி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாஞ் சுற்றிலே பந்தை மதிலுக்கு அப்பால் அடித்து, வல்லமை மிக்க நியூ யோர்க் யாங்கீஸ் கழகத்தை 10க்கு 9 என வீழ்த்தினார்.

ஆகவே, தோற்பது குற்றமன்று; தோற்றுக்கொண்டே வளர்ப்பது ஒரு முறை. தோல்வியும் தொடர்ந்து, வளர்ச்சியுமின்றிக் காலங்கழிப்பதே குற்றம். பிற்ஸ்பேர்க் இரசிகரின் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

1992 இலே அந்நகரில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்ததாக எண்ணிக்கொள்வோம். அவ்வாண்டு உலகத் தொடரின் வாயில்வரை சென்ற அவனுடைய கழகம், அற்லான்ராவுடன் ஆடிய ஏழாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றிலே வெற்றியை நழுவவிட்டது. அதன்பின் தலைசிறந்த வீரராகிய பறி பொன்ட்ஸ் கழகத்தைவிட்டுச் சென்றார். 1993 முதல் 2012 வரை, இருபது பருவங்கள் இடைவிடாமல், வெற்றியிலும் தோல்வியே மிகுந்த கணக்கோடு பைரற்ஸ் ஆண்டை முடித்தது. வட அமெரிக்காவின் பெருங் குழுவிளையாட்டுக்களிலே இதற்கு இணையான நீண்ட இறக்கம் வேறெதற்கும் நேர்ந்ததில்லை. கழகம் மீண்டும் தலைநிமிர்ந்தபோது அச்சிறுவனுக்கு முப்பத்தொரு வயது!

அவ்விருபது ஆண்டுகளிலும் முன்னிடத் தெரிவுகள் கிடைக்காமலில்லை. 2002 இல் நாட்டிலேயே முதலாமவராகத் தெரிந்தெடுத்த பந்துவீச்சாளர் பிறையன் புலிங்ரன், பைரற்ஸ் சார்பிலே ஒரு வெற்றியேனும் ஈட்டாமல் விலகினார். 2007 இல் நான்காம் இடத்திலே டானியல் மொஸ்கோஸ் தெரிவானார். அவர் முதல்தர அரங்கில் ஆடியது ஒரே பருவம். அடுத்த இடத்தில் மற்றொரு கழகம் எடுத்துக்கொண்ட மற் வீற்றேர்ஸ் பின்னர் நாலு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். கூடுதற் பணம் கேட்பார் என்றஞ்சியே அவரைத் தவிர்த்தனர் என்பது இரசிகர்களின் குற்றச்சாட்டு. அவ்வாண்டு யூன் 30 ஆந் திகதி, மூன்றாஞ் சுற்று முடிந்ததும் ஒரு பகுதி இரசிகர் தம் இருக்கைகளைவிட்டு எழுந்து நடந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். காசு கொடுத்து வாங்கிய ஆசனத்தை விட்டெழுவது அன்பில்லாதவன் செய்யுங் காரியமன்று.

பின்னர் ஒரு வசந்தம் வந்தது. 2005 இல் தெரிந்தெடுத்துப் பண்ணையிலே வளர்த்த அன்ட்றூ மக்கச்சன், 2013 இலே தம் பிரிவின் தலைசிறந்த வீரர் என்னும் விருதைப் பெற்றார். அவ்வாண்டு 94 வெற்றிகள். 2015 இல் 98. ஆயினும் அவ்வசந்தம் மூன்றாண்டுகளே நிலைத்தது. 2015 இற்குப் பின், 2025 முடியும்வரை, ஒருமுறையேனும் இறுதிச் சுற்றுக்களுக்குப் பைரற்ஸ் தகுதி பெறவில்லை.

இதனினும் கசப்பான பாடம் கெரிற் கோல் என்பவருடையது. 2011 இலே முதலாமவராகத் தெரிவான இப்பந்துவீச்சாளர், 2017 இல் பைரற்ஸ் சார்பிலே 12 வெற்றியும் 12 தோல்வியும் கண்டார். 2018 யனவரியிலே அவரை ஹூஸ்ரன் கழகத்துக்குக் கைமாற்றினர். பந்தைத் தாழ்த்தி வீசி, எதிரி அதனை நிலத்திலே உருளும்படி அடிக்கச் செய்வது பிற்ஸ்பேர்க்கின் பாடம். ஹூஸ்ரனோ அவ்வீச்சைக் குறைத்து, வேகப் பந்தை உயர்த்தி வீசவும், வளைபந்தை மிகுதியாகப் பயன்படுத்தவும் பயிற்றியது. துடுப்பில் சரிவரப் படாமலே எதிரியை வெளியேற்றுவது பேஸ்போலிலே ஒரு வீச்சாளரின் பெருமை. 2018 இல் 276 பேரையும், 2019 இல் 326 பேரையும் கோல் அவ்வாறு வெளியேற்றினார். பின்னர் யாங்கீஸ் கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு 324 மில்லியன் டொலர் தருவதாக அவருடன் ஒப்பந்தஞ் செய்தது. கை அதே கை. தோள் அதே தோள். மாறியது ஆசிரியர் மட்டுமே.

அதே 2018 யூலையிலே, கிறிஸ் ஆச்சர் என்னும் வீச்சாளரைப் பெறுவதற்காக, டைலர் கிளாஸ்னோ, ஒஸ்ரின் மெடோஸ், ஷேன் பாஸ் ஆகிய மூன்று இளைஞரை ரம்பா பே கழகத்துக்குக் கொடுத்தனர். மெடோஸ் மறுவருடமே நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். கிளாஸ்னோ 2020 உலகத் தொடரின் முதலாவது ஆட்டத்தில் ரம்பா பே சார்பிலே முதற்பந்தை வீசினார். ஆச்சரோ பிற்ஸ்பேர்க்கிலே எதிர்பார்த்த பலன் தரவில்லை.

"நாங்கள் சிறு நகரத்தார், நியூ யோர்க்காரர் போலப் பணங் கொட்ட எம்மால் இயலாது" என்பது இத்தகைய கழகங்கள் கூறும் வழக்கமான சமாதானம். அதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் ரம்பா பேயும் பணக்காரக் கழகமன்று. வீரர் ஊதியத்துக்கு மிகக் குறைவாகச் செலவிடும் கழகங்களுள் ஒன்றாக இருந்துகொண்டே, 2008 இலும் 2020 இலும் அது உலகத் தொடர்வரை சென்றது. வறியவனுக்கு உழவே முதல். வாங்க இயலாதவன் வளர்க்கத்தான் வேண்டும்.

இவ்விடயத்தில் நாம் நியாயந் தவறலாகாது. எல்லா முளையும் பயிராவதில்லை. பண்ணைக்கு வரும் இளைஞருட் பெரும்பாலோர் பெருங்களத்தைக் காணாமலே திரும்புகின்றனர். இந்தியாவிலே 2008 இல் நடந்த ஒரு பந்தெறி போட்டியிற் கண்டெடுக்கப்பட்ட றிங்கு சிங், டினேஷ் பற்றேல் என்னும் இருவரையும் சேர்த்துக்கொண்டது இதே பைரற்ஸ் கழகமே. ஈட்டி எறிந்து பழகிய அவ்விளைஞர் அதற்குமுன் பேஸ்போல் ஆடியதேயில்லை. அவர்களின் கதையைக் கூறும் "மில்லியன் டொலர் ஆம்" என்னும் ஆங்கிலப் படம் 2014 இல் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். றகுமான். இருவரும் பண்ணையைத் தாண்டவில்லை. அதற்காகக் கழகத்தை யாரும் பழிக்கவில்லை. முயன்று பார்த்ததற்காகப் பாராட்டினவரே அதிகம்.

ஆனால் பண்ணையிலே கழிவது இளைஞரின் வாழ்நாள் என்பதை மறத்தலாகாது. 2022 வரை முழுப்பருவம் ஆடும் குழுக்களின் கீழ்ப்படியிலே ஓர் இளைஞனுக்குக் கிடைத்த ஆண்டூதியம் ஏறக்குறைய 11,000 டொலர். அமெரிக்க வாழ்க்கைச் செலவில் அது அரைவயிற்றுக் கூலி. அவ்வாண்டு அவர்கள் தொழிற்சங்கத்திற் சேர்ந்தபின், 2023 இல் அது 26,200 டொலராக உயர்ந்தது. பதினெட்டு வயதிலே படிப்பையும் வீட்டையும் விட்டு வருபவனுக்குப் பிழையான பாடம் புகட்டினால், இழப்பு கழகத்தின் கணக்கேட்டிலே ஒரு வரி. அவனுக்கோ ஆறேழு ஆண்டுகள்.

இன்றைய நிலையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2023 இல் முதலாமவராகத் தெரிவான போல் ஸ்கீன்ஸ், 2024 மே மாதத்தில் களமிறங்கி, 2025 இல் தம் பிரிவின் சிறந்த பந்துவீச்சாளர் விருதை ஒருமனதாகப் பெற்றார். ஒன்பது சுற்றுக்களுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள், களத்தடுப்புத் தவறுகளை நீக்கிப் பார்த்தால், சராசரி இரண்டுக்குங் குறைவு. எனினும் அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி! காரணம் வெளிப்படை. மதிலுக்கு அப்பால் பந்தடிப்பதில் அவ்வாண்டு முப்பது கழகங்களுள்ளும் கடைசியாக நின்றது பைரற்ஸ். துடுப்பாட்டக்காரரை வளர்க்கும் கலை அப்பண்ணைக்கு இன்னும் கைவரவில்லை. ஒரு தூண் எவ்வளவு உறுதியானதாயினும் அதுவே வீடாகுமா? அவ்வாண்டு ஏப்பிரலிலே சொந்தக் களத்தில் நடந்த முதலாட்டத்தன்று, கழகத்தை விற்றுவிடும்படி உரிமையாளரைக் கேட்கும் பதாகையொன்றை ஆகாய விமானத்திலே கட்டி அரங்கின்மேற் பறக்கவிட்டனர் இரசிகர்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இக்கதை அந்நியமானதன்று. கெட்டிக்காரப் பிள்ளைகளை வடித்தெடுத்துச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பெறும் சித்திகளைத் தன் பெருமையாகப் பறைசாற்றும் பாடசாலையும் உண்டு. நடுத்தரப் பிள்ளை எத்துணை உயர்ந்தான், அங்கிருந்து விலகிய பிள்ளை வேறிடத்தில் ஏன் பிரகாசித்தான் என்று தன்னைத்தானே கேட்டுப் பார்க்கும் பாடசாலையும் உண்டு. பிற்ஸ்பேர்க் இரசிகர் தம் கழகத்திடம் வேண்டுவது இரண்டாவது வகைப் பாடசாலையையே.

1992 இன் அச்சிறுவனுக்கு இப்பொழுது நாற்பதைக் கடந்த வயது. உரிமையாளரை ஏசுகிறார், பயிற்றுநரை ஏசுகிறார், இனிப் போவதில்லை என்று சத்தியமுஞ் செய்கிறார். ஆயினும் ஏப்பிரல் பிறந்ததும், தம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை அரங்கை நோக்கி நடக்கிறார். கிளமென்ரேயின் சிலையருகே நின்று, "இவரை நாங்கள் பொறுத்திருந்து வளர்த்தோம்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பொறுமை இரசிகரிடம் இன்னும் இருக்கின்றது. அதற்கு ஈடான உழைப்பைக் காட்டவேண்டியது கழகத்தின் கடன்.