காதுக்கு எட்டாததைக் கழித்தபோது

மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை சிடி தரத்தில் அப்படியே சேமித்தால் சுமார் 32 மெகாபைட் பிடிக்கும். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில், இடம் வலம் என இரண்டு தடங்களுக்கும் எழுதுவதால் வரும் பருமன் அது. 1990களின் நடுவில், நொடிக்கு 28.8 கிலோபிட் வேக மோடமில் அதை இறக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அதே பாட்டு நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 கோப்பானால் மூன்று மெகாபைட்டுக்குள் அடங்கி, கால் மணி நேரத்துக்குள் வந்துசேரும்.

பதினொன்றில் பத்துப் பங்கு எங்கே போயிற்று?

உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி நம் காதில் விழுவதில்லை. உரத்த ஒலி நின்ற பிறகும் சில கணங்களுக்கு இந்த மறைப்பு நீடிக்கும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் ஃப்ரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கேட்காத ஒலியை வெட்டி எறிவதோடு வேலை முடிந்துவிடாது. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, காது கூர்ந்து கேட்கும் இடத்தில் நுணுக்கமாகவும் மற்ற இடங்களில் தோராயமாகவும் எழுதுகிறார்கள். தோராயமாக எழுதினால் இரைச்சல் பிறக்கும். அந்த இரைச்சலும் உரத்த ஒலியின் மறைவிலேயே ஒதுங்கிக்கொள்ளும்! எம்பி3யின் ஆக அழகான யோசனை இதுதான் என்பேன்.

வழிக்கு வர மறுத்தது ஒரு தனிக்குரல். சுசான் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சுருக்கியபோது குரல் கரகரத்தது. பின்னால் ஒளிந்துகொள்ள வேறு ஒலி இல்லையே! பிராண்டன்பர்க் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டே முறையைச் செம்மை செய்தார். எம்பி3 அடங்கிய எம்பெக்-1 தரம் 1993இல் வெளியானது.

இன்று உரை, பாடம், நேர்காணல் எதையாவது பகிர்பவர்கள் பலர் கோப்பைப் பெரிதாகவே அனுப்புகிறார்கள். கேட்பவரின் டேட்டாவையும் நினைக்க வேண்டும். ஒருவர் மட்டும் பேசும் பதிவுக்கு இரண்டு தடங்கள் எதற்கு? மோனோ போதும். 2012இல் வந்த ஓபஸ் என்ற சுருக்க முறையில், தெளிவாகப் பதிவான பேச்சு 24 கிலோபிட்டிலேயே நன்றாகக் கேட்கும். ஒரு மணி நேர உரை 11 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் கிட்டத்தட்ட 58. இசைக்கு இந்தக் கஞ்சத்தனம் உதவாது, அங்கே தாராளமாகவே கொடுங்கள்.

இழந்த ஒலி திரும்ப வராது. எம்பி3 கோப்பை 320 கிலோபிட்டுக்கு மாற்றினால் பருமன்தான் ஏறும், தரம் ஏறாது. சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெடும். அதனால் பாட்டியின் தாலாட்டோ, ஊர்ப் பெரியவரின் நினைவுகளோ எதைப் பதிந்தாலும் மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் சிறு கோப்பு செய்யுங்கள். மூலத்துக்கு இடம் போதாவிட்டால் ஃப்ளாக் வடிவம் இருக்கிறது. பெரும்பாலும் பாதியை ஒட்டிய அளவுக்குச் சுருக்கும், ஒரு பிட்கூட இழக்காமல்.