ஜி.பி. ரோட்டில் மாட்டியது பாலிசியில் ஏறியதா?

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கார் டெலிவரி எடுத்த வாரமே அங்கே போய் நிற்பவர்கள் பலர். டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல், சீட் கவர் என்று சேர்த்தால் அரை லட்சம் கரைவது பெரிய விஷயமில்லை. கடைசியில் கடைக்காரர் கேட்பார்: “பில் வேணுமாண்ணே? பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும்.” வேண்டாம் என்போம். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவார். நாளைக்கு விபத்தில் அந்தப் பாகம் உடைந்தால், அதன் விலையை நிரூபிக்க நம் கையில் எதுவும் இருக்காது.

பில் இருந்தாலும் அது மட்டும் போதாது. உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ஒரு பெரிய எண்ணாக இருக்கும். அதன் பக்கத்திலோ கீழேயோ மின் துணைக் கருவிகள், மின்சாரம் சாராத துணைக் கருவிகள், சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பெரும்பாலான பாலிசிகளில் அந்தக் கட்டங்களில் சுழியம் என்றுதான் அச்சாகியிருக்கும். ஐ.டி.வி. என்பது கார் கம்பெனி அறிவித்த விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்த தொகை. அந்த விலையில் அடங்காமல் நீங்கள் வெளியில் மாட்டிய எதுவும் அதில் சேராது. ஷோரூமிலேயே டீலர் மாட்டித் தந்த ஸ்டீரியோவுக்கும் இதே கதிதான். ‘ஷோரூமில் போட்டது, அதனால் கவர் ஆகும்’ என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

சேர்ப்பதற்கு ஆகும் செலவோ அற்பம். பழைய மோட்டார் கட்டண விதிப்படி, மின், மின்னணுக் கருவிகளுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். முப்பதாயிரம் ரூபாய் டச் ஸ்கிரீனுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய். சொந்தச் சேதப் பிரிவின் கட்டணக் கட்டுப்பாடு 2007இல் நீங்கியதால் கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறலாம். பாலிசி நடப்பில் இருக்கும்போதே பில்லைக் கொடுத்து, பாலிசியில் திருத்தம் கேட்கலாம். வண்டியை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள்; காட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கருவிகளின் மதிப்பும் காரைப் போலவே ஆண்டுதோறும் தேயும். இரண்டு ஆண்டு தாண்டிய கருவிக்கு 30 சதவீதம் கழித்தால், முப்பதாயிரம் இருபத்தோராயிரம் ஆகிவிடும். ‘ஜீரோ டெப்’ எடுத்திருக்கிறேனே என்பவர்களுக்கு: அந்தச் சலுகை பாலிசியில் உள்ள பாகங்களின் தேய்மானத்தைத்தான் ஈடுகட்டும். பாலிசியில் ஏறாத பாகத்தை உள்ளே கொண்டுவராது.

விபத்துக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். இங்கே தனித்தனியான இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாட்டிய பாகத்துக்குப் பணம் கிடைக்குமா என்பது ஒன்று. அந்தப் பாகம் இருந்ததாலேயே மொத்தக் கிளெய்மையும் மறுக்கலாமா என்பது இன்னொன்று. சர்வேயரும் சரி, ஒர்க்‌ஷாப்காரரும் சரி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். “வெளியில ஒயரிங் பண்ணியிருக்கீங்க சார், கிளெய்ம் நிக்காது” என்று வாயால் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு லட்ச ரூபாய் வேலையைக் கைக்காசில் முடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

பாலிசியில் ஏறாத அலாய் வீல் உடைந்தால் அதன் விலையைக் கேட்க முடியாது. கார் கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த சாதாரண ரிம்மின் விலையைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். இதில் வாதிட அதிகம் இல்லை. ஆனால் பின்னால் வந்த லாரி இடித்து டிக்கி நசுங்கியதற்கும் முன்னால் இருக்கும் ஸ்டீரியோவுக்கும் என்ன சம்பந்தம்? சேதத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது அது திருடுபோன ஒரு வழக்கை 2008இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. வண்டி எதற்காக ஓடியது என்பது திருட்டுக்குச் சம்பந்தமில்லாதது, அதைக் காட்டி முழுத் தொகையையும் மறுக்க முடியாது என்று சொல்லி, 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. அது பாகம் மாற்றிய வழக்கு இல்லைதான். ஆனால் அந்தத் தர்க்கம் இங்கேயும் உதவும்.

தொடர்பு இருந்தால் கதை வேறு. ஒரிஜினல் ஒயரை வெட்டி, அதிக வாட் ஹெட்லைட் மாட்டி, அங்கிருந்தே தீப்பிடித்தால் கம்பெனியின் கை ஓங்கும். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதியாத கேஸ் கிட் இருந்த கார் எரிந்தாலும் அப்படியே. கிட் மாட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், காப்பீட்டிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கிளெய்ம் நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

சில மாற்றங்களைப் பாலிசியில் சேர்க்கவே முடியாது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. முன்னால் மாட்டும் இரும்பு புல் பாருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அது எதிரே வருபவரின் எலும்பை முறிக்கும். ஏர்பேக் சென்சாரையும் ஏமாற்றும். கம்பீரத்துக்காக அதை மாட்டுகிறவர்களை என்ன சொல்வது?

விபத்து நடந்ததும் பாகத்தைக் கழற்றாமல், எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். காரோடு சேர்ந்து அடிபடாமல் டயர் மட்டும் தனியாகப் போனால் சாதாரண பாலிசியில் காசு வராது. சேர்ந்து அடிபட்டால் டயருக்குப் பாதி விலை கிடைக்கும். வெள்ளத்தில் நின்ற காரைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதனால் இன்ஜின் போனால் அது தொடர் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எண்ணற்றவை. சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். ‘கம்பெனி ஃபிட்டிங்னு சொல்லிடு’ என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். சேஸிஸ் எண்ணைத் தட்டினால் அந்த வேரியன்டில் என்னென்ன வந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் பொய்த் தகவல் என்ற காரணமே மொத்தக் கிளெய்மையும் சாய்த்துவிடும்.

மறுப்பை எப்போதும் எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டு. சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அறிக்கை வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பணம் தரும்போது ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டி, கூடுதல் தொகை கேட்கும் உங்கள் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரிலேயே ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.