முதல் மூட்டை வீட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு



2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்றைவிட மழைதான் நம்மை அடித்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சுமார் 100 செ.மீ.தான். அதில் பாதி ஒரே நாளில் கொட்டினால் என்ன ஆகும்? ஏரி, ஓடை, வயல், தெரு எல்லாம் ஒண்ணாகிப் போச்சு. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறியதால் ரயிலும் நின்றது.

அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு ஒரு வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நெல் போடுகிற விவசாயிகள். நானும் நின்றேன். கை நீட்டும்போதுதான் உறைத்தது: ஊருக்கே சோறு போடுகிறோம் என்று மேடையில் பேசுகிற நம்ம வீட்டில் நாலு நாளைக்கு அரிசி இல்லை.

ஏன் இல்லை? அறுவடை மெஷின் வயலில் இறங்குகிறது. நெல் அப்படியே டிராக்டரில் ஏறிக் கமிட்டிக்குப் போகிறது. பணம் வருகிறது, கடையில் வாரத்துக்கு ஒரு முறை அரிசி வாங்குகிறோம். இயற்கை விவசாயம் செய்தாலும் சாப்பாட்டு விஷயத்தில் நாம் டவுன்காரர் மாதிரிதான் வாழ்கிறோம். ரோடு அறுந்தால் அடுப்பும் அணைகிறது.

இதைவிடப் பெரிய அடி இன்னொன்று. அடுத்த பட்டத்துக்கு என்று இரண்டு மூட்டை பூங்கார் விதைநெல் வைத்திருந்தேன். தரையில், சுவர் ஓரமாக. தண்ணீர் வடிந்து பார்த்தால் மூட்டைக்குள்ளேயே முளை விட்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. சாப்பாடு போனால் யாராவது கொடுப்பார்கள். பல வருஷம் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிய விதை போனால், அது எந்த நிவாரணத்திலும் வராது.

அதே தெருவில் ஒரு ஆயா வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. பரண் மேல் அடுக்குப்பானையில் கேழ்வரகு, ஒரு திருகை, காய்ந்த வரட்டி. மூன்று வீட்டுக்குக் கூழ் ஊற்றினார். "கரண்டு இருந்தாத்தான் உங்க வீட்ல சோறு. எனக்கு எதுக்குடா கரண்டு?" என்று கேட்டார். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு என் பதில்தான்.

எவ்வளவு வேணும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்படுகிற அளவு இல்லை. பேரிடர் நேரத்தில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைக்கிற அளவு ஏறக்குறைய இது: தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு 60 கிலோ தானியம், 9 கிலோ பருப்பு, 4 லிட்டர் எண்ணெய், முக்கால் கிலோ உப்பு. நூறு கிலோ நெல் அரைத்தால் 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும். அதாவது, நூறு கிலோ நெல்லை விற்காமல் நிறுத்தினாலே ஒரு மாதச் சோறு கைவசம்.

எதை எப்படி வைப்பது?

நெல்லாக வைத்தால் நாள்பட இருக்கும், அரிசியாக வைத்தால் வண்டு விழும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கரண்டு போனால் ரைஸ்மில்லும் ஓடாது. குதிர் நிறைய நெல் இருந்தும் பட்டினி கிடக்கலாம். அதனால் பதினைந்து நாளைக்கான புழுங்கலரிசி எப்போதும் வீட்டில் இருக்கட்டும், மிச்சத்தை நெல்லாக வையுங்கள். உரல், உலக்கை, திருகை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சிறுதானியத்தில் கேழ்வரகுதான் ராஜா. நன்றாகக் காய்ந்திருந்தால் பூச்சி அதிகம் அண்டாது, வருஷக்கணக்கில் கெடாது. வரகு, சாமையை உமியோடு வையுங்கள், தேவைக்குத் தீட்டிக்கொள்ளலாம். கம்பை மட்டும் மாவாக்கி வைக்காதீர்கள், சில நாளிலேயே கசந்துவிடும்.

துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. குழைத்த செம்மண்ணில் புரட்டிக் காயவைத்தால் வண்டு துளைக்காது. உளுந்து, பயறுக்குக் கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் தடவிப் புரட்டினால் போதும். வேப்பிலை, நொச்சி இலையை நிழலில் உலர்த்தி அடுக்கடுக்காகப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அந்த ஈரமே பூசணத்தைக் கொண்டுவரும்.

மல்லாட்டை நம்ம ஊர்ப் பயிர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து ரகங்களுக்கு டி.எம்.வி. என்றுதான் பெயரே. தோலோடு காயவைத்து நாலு படி வையுங்கள். அடுப்பு இல்லாத நாளில் மல்லாட்டையும் வெல்லமும் இருந்தால் பிள்ளைகள் பசி தாங்கும். பூசணம் பூத்த பயறை மட்டும் மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள், அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். இதோடு அவல், பொட்டுக்கடலை, புளி, மிளகாய் வற்றல், மரக்காணம் கல்லுப்பு சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

ஈரம்தான் முதல் எதிரி

விதைக்கு வைக்கும்போது நெல் 13 சதவீதம், சிறுதானியம் 12 சதவீதம், பயறும் மல்லாட்டையும் 9 சதவீதம் ஈரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் இல்லையா? காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி தானியமும் ஒரு கைப்பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம், திரும்பக் காயவைக்கணும். உப்பு ஒட்டாததால் மட்டும் விதைக்குச் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். விதையை உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மூடி வைத்து, காலை மாலை வெயிலில் காயவிடுங்கள்.

வைக்கிற இடம் பரண் அல்லது மேடை. இந்த வெள்ளத்தில் உங்கள் சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும். அதற்கு மேலே இரண்டு அடி என்பது குறைந்தபட்சக் கணக்கு. விதையை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். மேட்டு ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருந்தால் அங்கே ஒரு பானை, சக உழவர் ஒருவர் வீட்டில் ஒரு பானை. ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். கார்த்திகை வெள்ளத்தில் சம்பா போனாலும், விதை கையில் இருந்தவருக்கு மார்கழியில் நவரைப் பட்டம் காத்திருக்கு.

தண்ணீர், அடுப்பு, மாடு

போர் தண்ணீருக்குக் கரண்டு வேணும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 75 லிட்டர். மழை எச்சரிக்கை வந்ததும் மூடியுள்ள டிரம்மில் பிடித்து வையுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டின அளவில் கலந்து கொடுங்கள். விறகு, வரட்டி கொஞ்சம் பரணில் இருக்கட்டும். பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி விதைப்பானை பக்கத்திலேயே வையுங்கள்.

வைக்கோல் போரைக் கல் அல்லது மரம் போட்டு மேடாக்கி அதன் மேல் போடுங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5, 6 கிலோ என்றால் பத்து நாளைக்கு 60 கிலோ. தண்ணீர் ஏறும்போது முதல் வேலை கயிற்றை அவிழ்ப்பது. அவிழ்த்து விட்ட மாடு மேடு தேடிப் போய்விடும், கட்டிய மாடு முளையிலேயே சாகும்.

பதுக்கல் அல்ல

புயல் செய்தி கேட்டதும் கடைக்கு ஓடி அள்ளி வருவது சேமிப்பு ஆகாது. நாம் அள்ளியது இன்னொருவருக்குக் கிடைக்காத பொருள். நாம் சொல்வது, விளையும்போதே ஒதுக்குவது. நிலம் இல்லாத கூலிக்காரர் வீட்டில் ஒதுக்க என்ன இருக்கும்? நம்ம வயலில் நாத்து நட்டவர்கள் அவர்கள்தான். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் தலித் பெண்கள் சங்கங்கள் 1990-களிலேயே இதற்கு வழி கண்டார்கள். தரிசைத் திருத்திச் சோளம் விளைவித்து, அதில் ஒரு பங்கை ஊர்க் கிடங்கில் சேர்த்து, ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் அவர்களே கொடுத்தார்கள். பத்து விவசாயிகள் ஆளுக்கு நூறு கிலோ நெல் போட்டால் ஊருக்கு ஒரு டன். மேடான இடத்தில் ஒரு அறை போதும்.

சேர்த்ததை அப்படியே விட்டால் எலிக்கும் வண்டுக்கும்தான் லாபம். தையில் அறுத்ததும் ஒதுக்குங்கள். சித்திரை வெயிலில் கொட்டிக் காயவைத்துத் திரும்பக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பானை பானையாகத் திறந்து பாருங்கள். பழசைச் சாப்பிட்டுப் புதுசை நிரப்புங்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு பிடி தானியமும் வீணாகாது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோதும், 2020 ஊரடங்கிலும் இதையேதான் பேசினோம். கரண்டு வந்ததும் மறந்தோம். இந்த முறை அறுவடை மெஷின் வயலைவிட்டு வெளியே வரும்போது, முதல் மூட்டை வீட்டுக்குப் போகட்டும். மிச்சம் சந்தைக்குப் போகட்டும்.