பனி காணாத ஊரில் பனிநடை பற்றிய வினா

விழாமல் ஒரு செயலைச் செய்ய முடியும் என்று முதியவர் கொள்ளும் உறுதியே சமநிலைத் தன்னம்பிக்கை எனப்படும். அது குறைந்தால் நடமாட்டம் சுருங்கி, தசை தளர்ந்து, விழும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. இதை அளக்கக் கனடாவில் பவல், மையர்ஸ் ஆகியோர் 1995இல் வெளியிட்ட வினாநிரல், 16 செயல்கள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை விழுக்காடு கேட்டுச் சராசரி காண்கிறது.

பாகிஸ்தானின் முல்தான், பகவல்பூர் வட்டாரங்களில் சராய்க்கி பேசும் முதியவரிடம் இதை அப்படியே கேட்டால் அளவீடு பிழைபடும். அந்த 16 செயல்களுள் வீடு பெருக்குவதும் குனிந்து செருப்பை எடுப்பதும் அங்கும் அன்றாடச் செயல்களே; ஆனால் உறைபனி படிந்த நடைபாதையில் நடப்பதைப் பற்றி, கடும் வெயிலுக்குப் பெயர்போன முல்தானில் வாழ்பவர் சொல்லும் எண் வெறும் ஊகமாகவே இருக்கும். அந்த வினாவை நீக்கிவிடுவதும் தீர்வாகாது; மிகக் கடினமான செயல்களுள் ஒன்று விடுபடுவதால் சராசரி பொய்யாக உயர்வதோடு, நன்கு நடமாடுவோரிடையே உள்ள வேறுபாடும் மறைந்துவிடும். எனவே மழைச்சேற்று வழியில் நடத்தல் போன்ற, ஏறத்தாழ அதே அச்சம் தரும் செயலைத் தேர்ந்து, முதியோர் சிலரிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பார்ப்பதே முறை.

எழுத்தறியாதவருக்கு விழுக்காடு பிடிபடாதெனில், பத்துக் காசுகளை முன்வைத்து, உறுதிக்கேற்ப எடுத்துவைக்கச் சொல்லலாம். பின்னர், உடல்நிலை மாறாத அதே முதியோரிடம் சில நாள் இடைவெளியில் மீண்டும் கேட்டு, இரு விடைகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று கணக்கிட்டே இவ்வாறு மாற்றியமைத்த வினாநிரலின் நம்பகத்தன்மை உறுதிசெய்யப்படுகிறது.