எம்மா லிவ்ரியின் வெண்துகில்

நாட்டியமும் நாடகமும் கண்டு மகிழ்வோர் நம்மிடையே பலர் உளர். மேடையில் நிற்பவரின் முகத்திலே தோன்றும் நோவு நடிப்பா, மெய்யா என்று ஆராய்வோர் மிகச் சிலரே. நடிப்பு மெய்போல் இருத்தல் வேண்டும் என்பதே எல்லோரும் கேட்பது. அம்மெய்ம்மைக்கு விலை கொடுப்பவர் யார், அவ்விலையைக் கொடுக்க அவர் மனமார இசைந்தாரா என்னும் கேள்வியை இவ்வாரம் நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். இற்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

எம்மா லிவ்ரி என்னும் நங்கை 1842ஆம் ஆண்டிலே பிறந்தாள். பதினாறு வயதில், 1858இல், பாரிஸ் ஒப்பரா அரங்கிலே 'லா சில்பீட்' என்னும் பலே நடனத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்று ஆடினாள். பாதம் நிலத்தில் படுகின்றதோ இல்லையோ என்று ஐயுறும்படி ஆடினாள் என அக்காலத்தவர் வியந்தனர். ஐரோப்பாவெங்கும் புகழ் நாட்டி ஓய்வு பெற்றிருந்த மரீ தக்லியோனி அம்மையாரே பாரிசுக்குத் திரும்பி வந்து இவளுக்கு ஆசிரியையானார். 1860இல் இவளுக்கென்றே 'வண்ணத்துப்பூச்சி' என்று பொருள்படும் ஒரு நடனத்தையும் அமைத்தார். ஒஃபன்பாக் அதற்கு இசை வகுத்தார். அக்கதையிலே வண்ணத்துப்பூச்சியாக மாறிய நாயகி தீப்பந்தத்தின் ஒளியால் ஈர்க்கப்பட்டுச் சிறகு கருகி வீழ்கின்றாள். விதி இத்துணை வெளிப்படையாக முன்னறிவிப்புச் செய்வது அரிது.

அந்நாளைய அரங்குகளில் மின்விளக்கு இல்லை. மேடையின் முன்னும் பக்கங்களிலும் வாயு விளக்குகளின் சுடர்கள் மூடியின்றி எரிந்துகொண்டிருக்கும். நர்த்தகியரோ மெல்லிய மஸ்லின் துணியைப் பல அடுக்குகளாகத் தைத்த பாவாடை அணிந்து அவற்றின் அருகே சுழன்று ஆடுவர். அடுக்குகளுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் ஒரு பொறி பட்டாலே போதும். கண் இமைக்கும் நேரத்தில் ஆடை முழுவதும் பற்றிக்கொள்ளும். இலண்டனில் 1844இல் கிளாரா வெப்ஸ்டர் என்னும் நர்த்தகி இவ்வாறே மாண்டாள். 1861இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ஒரே இரவில் பலர் பலியாயினர்.

இவ்வபாயத்தைத் தவிர்க்கும் வழி அறியப்படாமலில்லை. உப்புக்கள் கரைந்த ஒரு கரைசலில் துணியைத் தோய்த்து உலர்த்தினால் அஃது எளிதிலே தீப்பற்றாது. கார்த்தெரோன் என்பவர் வகுத்த இம்முறையைப் பிரான்சிய அரங்குகள் கையாள வேண்டுமென 1859ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரச கட்டளையும் பிறந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்தது. அதன் வெண்மை மங்கியது. காற்றில் மிதப்பவள் போலத் தோன்ற வேண்டிய நர்த்தகிக்கு விறைத்த பாவாடை பிடிக்குமா? எம்மா லிவ்ரி மறுத்தாள். தன் வழக்கமான ஆடையிலேயே ஆடப்போவதாகவும், அதனால் எது நேரினும் பொறுப்புத் தன்னுடையதே என்றும் 1860இல் அரங்கின் தலைவருக்கு எழுத்திலே கொடுத்தாள்.

1862 நவம்பர் 15ஆம் நாள் 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' என்னும் இசை நாடகத்தின் ஒத்திகை. வாய் பேசாத அப்பெண்ணின் பாத்திரம் இவளுக்கு. மேடையின் ஓரத்திலே தன் முறைக்காகக் காத்திருந்தவள் பாவாடையின் அடுக்குகளைச் சற்றே உதறிச் சீர்செய்தாள். அக்காற்று விளக்கின் சுடரை அசைத்தது. சுடர் துணியைத் தொட்டது. தீயோடு மேடையில் ஓடியவளைப் பிடித்துத் தீயை அணைப்பதற்குள் உடலின் பெரும்பகுதி வெந்துவிட்டது. எட்டுத் திங்கள் வேதனையுற்று, 1863 ஜூலை மாதத்தில், இருபது வயதிலே அவள் கண்மூடினாள். எஞ்சிய ஆடையின் கருகிய துண்டுகள் பாரிஸ் ஒப்பராவின் காட்சிச் சாலையில் பேணப்பட்டன.

"அவளே விரும்பி ஏற்றாள், கையொப்பமும் இட்டாள், பிறரைக் குறை கூறுவானேன்?" என்று கேட்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தீக்குக் கையொப்பம் தெரியாது. அரச கட்டளை கையிலிருக்க, பதினெட்டு வயதுப் பெண்ணின் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு அவளை அவ்வாடையிலேயே ஆடவிட்ட நிருவாகத்தின் பொறுப்பு அக்கடிதத்தால் நீங்கிவிடுமா? தீ, உயரம், பொறி, மின்சாரம் ஆகியவற்றில் ஆடுவோரின் விருப்பத்தைக் கேட்டு விதியைத் தளர்த்துவது இசைவுக்கு மதிப்பளிப்பதாகாது. அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

ஆயினும் மேடையில் வேறு வகையான இடர்களும் உண்டு. ஒருவர் மற்றொருவரைத் தொடுதல், தழுவுதல், அறைதல், இழுத்து வீழ்த்துதல் முதலியவற்றிற்கு எந்த அரச கட்டளையும் முழுமையாக விதி வகுத்துவிட முடியாது. அங்கே தொடப்படுபவரின் இசைவே முதற் காப்பு. மேடைச் சண்டையை முறையாகக் கற்பிப்போர் இதனை நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றனர். அவர்களுடைய கைத்திறன் சுவையானது. மாணவ நேயர்களுக்காகச் சற்று விரிவாகவே கூறுவோம்.

ஒருவன் ஒரு பெண்ணின் கூந்தலைப் பற்றி இழுத்துச் செல்வதாகக் காட்சி. பார்ப்போர் பதைபதைக்கின்றனர். உண்மையிலே அவன் கூந்தலைப் பற்றுவதேயில்லை. மூடிய கையை அவள் தலைமேல் வைக்கின்றான். அவள் தன் இரு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தலையோடு அழுத்திக்கொள்கின்றாள். விடுவித்துக்கொள்ளப் போராடுவது போலத் தோன்றும் அக்கைகளே எல்லாவற்றையும் நடத்துகின்றன. எங்கே செல்வது, எவ்வளவு விரைவாகச் செல்வது, எப்போது நிறுத்துவது என்பவை யாவும் அவள் வசம். கழுத்தை நெரிக்கும் காட்சியில் கைகள் தொண்டையைத் தொடா. கீழே காறை எலும்பின்மேல் படிந்திருக்கும். அறையும் காட்சியில் கை முகத்தை எட்டாத தூரத்திலே வீசப்படும். ஓசையை எழுப்புவது வேறொரு கைத்தட்டு. அடிப்பதற்கு முன் இருவர் கண்களும் சந்தித்தல் வேண்டும். சந்திக்காவிடின் அடி இல்லை. ஒவ்வொரு காட்சி நாளிலும் திரை விலகுமுன் சண்டைப் பகுதியை மெதுவாக ஒருமுறை ஆடிப் பார்த்துக்கொள்வர். நூறாவது நாளாயினும் இவ்வழக்கம் தவறாது.

துன்புறுத்தப்படுபவராகத் தோன்றுபவரே ஆட்டத்தை நடத்துகின்றார் என்னும் இவ்விதி எமக்கு மிகவும் பிடித்தது. காதற் காட்சிகளுக்கு மட்டும் இத்தகைய விதி நெடுங்காலம் இருக்கவில்லை. வாளுக்கு ஒத்திகை உண்டு; முத்தத்துக்கு "நீங்களே பார்த்துச் செய்துகொள்ளுங்கள்" என்பதே நெறியாளர் சொல். டோனியா சீனா என்னும் அமெரிக்க அம்மையார் 2006இல் தம் பட்ட மேற்படிப்பு ஆய்விலே இக்குறையை எடுத்துக்கொண்டார். நெருக்கமான காட்சியையும் சண்டையைப் போல அசைவு அசைவாக அமைத்தல் வேண்டும் என்றார். 2016இல் அவரும் அலிசியா ரோடிஸ், ஷிவோன் ரிச்சர்ட்சன் ஆகியோரும் சேர்ந்து இப்பணிக்கென ஓர் அமைப்பை நிறுவினர். கை எங்கே படலாம், எங்கே படலாகாது என்று ஒத்திகைக்கு முன்பே பேசித் தீர்ப்பர். தீர்த்ததைக் குறித்துவைப்பர். குறித்ததற்கு மேல் மேடையிலே 'உணர்ச்சி வேகத்தில்' எதையும் சேர்க்க இடமில்லை. நேற்று இசைந்தவர் இன்று மறுத்தால் காட்சியை மாற்றுவர். காட்சி முடிந்ததும் இருவரும் பாத்திரத்தைக் களைந்ததற்கு அடையாளமாக ஒரு சிறு சைகை செய்து பிரிவதும் உண்டு. உணர்ச்சி செத்துவிடாதோ என்று அஞ்சுவோர் ஒரு முத்திரையும் பிசகாது ஆடப்படும் பதத்தைக் கண்டு கண்ணீர் விட்டதை நினைத்துப் பார்க்கட்டும்.

இவையெல்லாம் ஏட்டளவிலே தோன்றியவையல்ல. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே ஒரு சிறு நாடக அரங்கின் சண்டைக் காட்சிகள் மெய்யென்றே தோன்றுவதாக விமர்சகர்கள் பாராட்டி வந்தனர். அங்கே நடித்தோர் காயமுற்றனர் என்றும், அதிகாரம் உள்ளவரிடம் மறுத்துப் பேச அஞ்சினர் என்றும் 2016இல் ஒரு வார இதழ் நடித்தோர் வாய்மொழியாகவே வெளியிட்டது. சில நாட்களுள் அரங்கு மூடப்பட்டது. அந்நகர நாடகக் கலைஞர் ஒன்றுகூடி 2017இல் வெளியிட்ட நெறிமுறையிலே எமக்குச் சிறந்ததாகத் தோன்றும் பகுதி மிகச் சாதாரணமானது. நாடகத்தில் சண்டையோ நெருக்கமான காட்சியோ இருந்தால் நடிகர் தேர்வுக்கு முன்பே அதனை அறிவித்துவிட வேண்டும். நடிகர்கள் தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுத்துக் குறைகளைக் கூற வழி செய்தல் வேண்டும். வேடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவரிடம் பின்னர் கேட்டால், அவர் இல்லை என்று சொல்லுவாரா?

நம் நாட்டியப் பள்ளிகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். அரைமண்டி சரியாக அமையாத சிறுமியின் முழங்காலையோ இடுப்பையோ ஆசிரியர் தொட்டுத் திருத்துவது வழமை. அதில் குற்றமும் இல்லை. ஆனால் குருவை எதிர்த்து ஒரு சொல் சொல்லலாகாது என வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, தீய தொடுகை ஒன்று நேர்ந்தால் அதனைச் சொல்லும் மொழியை நாம் கொடுத்திருக்கின்றோமா? ருக்மிணி தேவி அம்மையார் 1936இல் நிறுவியதும், நம் நாட்டவர் பலர் சென்று பயின்றதுமான கலாக்ஷேத்திராவிலே 2023 மார்ச் இறுதியில் மாணவர்கள் பாலியல் தொல்லை குறித்து முறையிட்டுப் போராட்டத்தில் இறங்கினர். ஏப்பிரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். அரங்கேற்றமும் சான்றிதழும் எதிர்காலமும் ஒருவர் கையிலே இருக்கும்போது மாணவியின் மௌனத்தை இசைவு என்று கொள்ளுதல் எத்துணை பிழை என்பதை அந்நாட்கள் தமிழுலகத்துக்கு உணர்த்தின.

தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் பெரிய நெறிமுறை நூல்களைத் தேட வேண்டியதில்லை. தொட்டுத் திருத்துமுன் "தொடலாமா?" என்று கேட்கலாம், கோலால் சுட்டியும், தாமே ஆடிக் காட்டியும் திருத்தலாம். மேடையில் தீப்பந்தம் வேண்டுமென்று மாணவர் எத்துணை மன்றாடினும் மறுத்துவிடலாம். அறை வாங்கும் காட்சியையும் தழுவும் காட்சியையும் வேடம் பிரிக்குமுன் வாசித்துக் காட்டி, யார் யாருக்கு இவை இயலும் என்று தனித்தனியே வினவலாம். இயலாது என்ற பிள்ளைக்கு நாடகத்தில் வேறு இடம் உண்டு என்பதையும் அன்றே சொல்லிவிடலாம்.