ஒளி மாசு: சட்டம் மௌனம், நகராட்சிகளின் கையில் தீர்வு

புதுதில்லி: மைசூர் அரண்மனையில் ஞாயிறு மாலைகளில் சுமார் ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் அவை அணைக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால், அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தெற்கே, கபிலை ஆற்றங்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு போன்ற ஊர்களில் தெருவிளக்குகளும் தொழிற்பேட்டை விளக்குகளும் விடியும்வரை எரிந்தாக வேண்டும். விழாக்கால வெளிச்சம் அல்ல, தரையில் விழ வேண்டிய ஒளி நாள்தோறும் வானத்தை நோக்கிச் சிந்துவதுதான் "ஒளி மாசு" என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கும் பிரச்னை.

ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் புகழ்பெற்ற நஞ்சன்கூட்டுக்கு வடக்கே மைசூர் மாநகரம். இதே தாலுகாவின் ஹெடியாலா வனப்பகுதியோ பந்திப்பூர் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. நகரத்தின் வெளிச்சத்துக்கும் காட்டின் இருளுக்கும் இடைப்பட்ட இத்தகைய ஊர்களில், இரவு எவ்வளவு வெளிச்சமாக இருக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத் தில்லியில் இதுவரை பதில் இல்லை.

சட்டத்தில் இடமில்லை: 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், திட, திரவ, வாயுப் பொருள்களையே மாசுபடுத்திகளாக வரையறுக்கிறது. 1981-ம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-ல் செய்யப்பட்ட திருத்தம் ஒலியையும் மாசாகச் சேர்த்தது. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. ஒளிக்கு அத்தகைய இடம் அளிக்கப்படவில்லை.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே வானை நோக்கிப் பாய்ச்சும் தேடுவிளக்குகளுக்குத் தடை விதித்தது. செக் குடியரசு 2002-ல் தேசிய அளவில் சட்டம் இயற்றியது. கடைகளின் விளக்குகளை எப்போது அணைக்க வேண்டும் என்பதைக்கூட பிரான்ஸ் அரசின் 2018-ம் ஆண்டு ஆணை வரையறுத்தது.

மாறியது விளக்கு மட்டுமே: 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் சுமார் 1.3 கோடி எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் பெருமளவு மிச்சமானது. உள்ளாட்சிகளின் கட்டணச் சுமை குறைந்தது. ஆனால், விளக்கின் நிறத்துக்கும் அது ஒளி வீசும் திசைக்கும் பொதுவிவாதத்தில் அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைக் காட்டிலும் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலக் கூறு அதிகம். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான அதே ஒளிச்சிதறல்தான் இரவில் இந்த நீல ஒளியையும் வானெங்கும் பரப்புகிறது.

மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோரால் பால்வெளி மண்டலத்தைத் தங்கள் வசிப்பிடத்திலிருந்து காண இயலாது என்று 2016-ல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம் தெரிவித்தது. 2011 முதல் 2022 வரை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொதுமக்கள் வெறும் கண்ணால் செய்த பதிவுகளின்படி, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியது. எட்டு ஆண்டுகளுக்குள் அது இரட்டிப்பாகும் வேகம் இது.

கிராமங்கள் காட்டிய வழி: சட்டம் இல்லாத நிலையிலும் இருளைக் காக்க முடியும் என்பதற்கு லடாக்கின் ஹான்லே முதல் சான்று. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள அப்பகுதியில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இயங்குகிறது. யூனியன் பிரதேச நிர்வாகம், லே மலைப்பகுதி வளர்ச்சிக் குழு, இந்நிறுவனம் ஆகிய மூன்றும் 2022-ல் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 1,073 சதுர கி.மீ. பரப்பு இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. விளக்குகளுக்கு மூடி, ஜன்னல்களுக்குத் திரை ஆகிய எளிய ஏற்பாடுகளே அங்கு மேற்கொள்ளப்பட்டன. கிராம இளைஞர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் அளிக்கப்பட்டதால் இருளே வருவாய்க்கு வழியானது.

மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற நாட்டின் முதல் இருள் வான் பூங்காவானது. அதற்காகச் சுற்றியுள்ள கிராமங்களின் தெருவிளக்குகள் கீழ்நோக்கி ஒளி வீசும் வகையில் மாற்றப்பட்டன.

பந்திப்பூர் அனுபவம்: நஞ்சன்கூட்டுக்குத் தெற்கே இருளுக்கான போராட்டம் ஏற்கெனவே நீதிமன்றப் படியேறியது. பந்திப்பூர் வழியே செல்லும் இரு தேசிய நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு 2009-ல் தடை விதிக்கப்பட்டது. வன உயிர்களைக் காக்கவே இத்தடை என்றது கர்நாடகம். பிழைப்பு பாதிக்கப்படுவதாக வயநாட்டு மக்கள் 2019-ல் பெரும் போராட்டம் நடத்தினர். கூடலூர் வழியே மைசூர் செல்லும் தமிழக மக்களுக்கும் இத்தடையின் சிரமம் புதிதல்ல.

ஒளி மாசைக் குறைப்பதில் இத்தகைய மோதலுக்கு இடமில்லை. யாருடைய பாதையையும் அடைக்க வேண்டியதில்லை. விளக்கைத் திருப்பினால் போதும்.

வெளிச்சம் குறைந்தால் பெண்களின் பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. ஆலை வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்குத் தேவை பாதையில் விழும் சீரான ஒளி. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அதன் பக்கத்திலுள்ள நிழலில் நிற்பவரை மறைத்துவிடுகிறது. மேற்புறம் மூடிய விளக்கு, வானுக்குச் செல்லும் ஒளியைத் தடுத்துத் தரைக்கே அனுப்புகிறது. எனவே, குறைந்த மின்சாரத்தில் அதே பாதையை ஒளியூட்ட முடியும்.

இதற்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 12-வது அட்டவணையின் 17-வது இனத்தில் தெருவிளக்கு நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஆயுள் உண்டு. 2015-க்குப் பின் பொருத்தப்பட்டவற்றை மாற்றும் காலம் ஒவ்வோர் ஊரிலும் வரும். அப்போது கோரப்படும் ஒப்பந்தப்புள்ளியில் "மேற்புறம் மூடிய, 3,000 கெல்வினுக்கு மிகாத விளக்கு" என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நஞ்சன்கூடு நகராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பிரபஞ்சவியல் கல்வி மையத்துக்கு மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022-ல் மைசூரில் அடிக்கல் நாட்டினார். அந்த மையத்தின் அரங்கில் விண்மீன்களைக் கண்டு திரும்பும் மாணவன் தன் வீட்டு வாசலிலும் அவற்றைக் காண்பானா என்பது, அவனது நகராட்சி அடுத்து வாங்கப்போகும் விளக்கைப் பொறுத்தது.