மணலில் ஊன்றும் கால்

தூத்துக்குடிக் கடற்கரை மணலில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் கடுக்கும். கெட்டித் தரையில் நடக்க ஆகும் சக்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மணல் கேட்கிறது. பாதம் உந்தும்போது மணல் நழுவி, அந்த விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இது இரண்டு கால் உள்ளவர் கணக்கு. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவருக்குச் சமதரையிலேயே சுமார் 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும். முழங்காலும் போயிருந்தால் 60 சதவீதத்தைத் தாண்டும். அறுவை மருத்துவர்கள் முழங்காலைக் காப்பாற்ற அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் சிலாவத்துறை, அரிப்புப் பக்கமும், தூத்துக்குடியைப் போலவே ஒரு காலத்தில் முத்துக்குளித்த கரைதான். அந்த நாட்டில் 2009 மே மாதம் முடிந்த உள்நாட்டுப் போரில் மிதிவெடிக்குக் காலைக் கொடுத்தவர்களில் சிப்பாய், போராளி, குடிமக்கள் எல்லாரும் உண்டு. ஆளைக் கொல்வதைவிடக் காலைப் பறிப்பதே அந்த வெடியின் வேலை. காயம்பட்டவரைத் தூக்க இன்னும் இருவர் களத்தை விட்டுப் போக வேண்டும் அல்லவா? அப்படியொரு குரூரக் கணக்கு.

செயற்கைக்கால் தொழிலை வளர்த்ததும் போர்தான். புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம், இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்காக 1944-ல் தொடங்கப்பட்டது. 1950-களில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய பாதத்தில் கணுக்கால் அசையாது. குதிகாலில் மட்டும் மெத்தென்ற ரப்பர். ஷூ மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் நடப்பவருக்கு அது போதும். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஊருக்குத் திரும்பியவர் என்ன செய்வார்? குந்தவும் முடியாது, வெறுங்காலோடு ஈரத்தில் இறங்கவும் முடியாது.

1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்சு ரப்பர், கணுக்கால் பக்கம் மரக்கட்டை. எல்லாவற்றையும் ரப்பரால் சுற்றி, அச்சில் வைத்துச் சூடேற்றி இறுக்குவார்கள். டயர் ரீட்ரேடிங் கடையில் நடக்கும் வேலைதான். இந்தப் பாதம் மேலே மடங்கும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். மேடுபள்ளமான மணலில் இந்தச் சாய்வுதான் பெரிய விஷயம். அசையாத பாதம் மேட்டை மிதித்தால், அந்தத் திருகல் முழுவதும் வெட்டுண்ட காலின் தோலில்தான் போய் இறங்கும். பாதத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு முன்பு அலுமினியத் தகடு. பிறகு தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக் வந்தது. அதை உப்புநீர் அரிப்பதில்லை.

போர் நடந்த இலங்கையில், யாழ்ப்பாணத்தில், இந்த ஜெய்ப்பூர் காலைப் பொருத்தும் மையம் 1987-லேயே வந்துவிட்டது. ஓட்டப்பந்தய வீரர் அணியும் வளைந்த கார்பன் கால்களின் படங்களைப் பார்த்து நாம் வாய்பிளக்கிறோம். எனக்கென்னவோ, குந்தி உட்கார்ந்து வலை சீர்செய்ய விடும் ரப்பர் பாதமே பெரிய பொறியியலாகத் தெரிகிறது.

ஆனால் கால் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. வெட்டுண்ட கால் முதல் சில மாதங்களில் சுருங்கும்; அதைத் தாங்கும் கிண்ணம் தளர்ந்து, உள்ளே வியர்வையும் மணலும் சேர்ந்து தோலை உரசிக் கொப்புளமாக்கும். கிண்ணத்தை மறுபடி அளவெடுத்துச் செய்ய வேண்டும். காலும் தேயும். 2009-ல் 20 வயதில் காலை இழந்த ஒருவர் 70 வயது வரை இருந்தால், ஐந்து ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தாலே பத்துக் கால்கள் ஆகின்றன.